உள்ளே இருவர்

"உங்க கன்டெய்னர் அரதப் பழசு மேடம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள புதுசாக்கலைன்னா நாங்களே மூடிடுவோம்."

"கன்டெய்னர்னா லாரியில போறதுதான் எனக்குத் தெரியும். கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க சார்."

போனில் பேசியவன் சர்வர் கம்பெனிக்காரன். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்த வயதுக்காரர்களை எல்லாம் வாய் நிறைய 'தம்பி' என்று கூப்பிட்டவள்தான் இந்தத் தையல்காரி. மூன்று வருஷமாக அந்த வார்த்தையை அவள் தொடுவதில்லை.

"ஒரு பெரிய சர்வருக்குள்ள நாப்பது சின்ன ரூம் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கோம் மேடம். அதுல ஒண்ணு உங்களுது. அதுதான் கன்டெய்னர். உங்க கடை வெப்சைட், கஸ்டமர் அளவு, டிசைன் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அதுல ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்தணும், அவ்வளவுதான்."

"மாத்திடுங்க."

"மாத்தினதும் ஒரு தடவை அணைச்சுத் திரும்ப ஆன் பண்ணணும்."

தையல்காரி கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். இந்த 'அணைக்கணும்'தான் சிக்கல். கம்பெனி அனுப்பிய மூன்று மெயிலுக்கும் அவள் பதில் போடாமல் இருந்தது இதற்காகத்தான்.

"அணைக்காம செய்ய முடியாதா சார்?"

"முடியாது மேடம். பயப்படாதீங்க, எல்லாத்துக்கும் நகல் எடுத்துட்டேன். ஒரு அளவுகூடக் காணாமப் போகாது."

"அளவு போனா போகட்டும். திரும்ப எடுத்துக்கலாம்."

"அப்புறம் வேற என்ன பிரச்சினை?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உள்ள யார் யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுதே. ரெண்டு பேர் லாகின்ல இருக்கீங்க. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு... வாலு."

"வாலு என் தம்பி."

அப்பாவும் அம்மாவும் போனபோது அவனுக்கு ஆறு வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தது இவள்தான். கல்யாணம், காட்சி என்று எதையும் நினைக்காமல் கடையே கதியென்று கிடந்தாள். அவனும் இதே கடையில் எதிர் மிஷினில் உட்கார்ந்து வேலை பழகினான். வெப்சைட்டைப் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். ஒருநாள், கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது, வெளியூர் போகிறேன் என்றான்.

"கடையை விட்டு இறங்கினா, அக்கான்னு ஒருத்தி இருக்கறதையே மறந்துடு" என்று கத்திவிட்டாள். அவன் இறங்கிவிட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ரோஷத்தில் அக்காவுக்கு இம்மியும் சளைத்தவனில்லை.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி, வெளிய வரச் சொல்லுங்களேன்."

"எங்க இருக்கான்னே தெரியாது சார். போற அவசரத்துல லாகினை மூட மறந்துட்டான். மூணு வருஷமா அவன் பேருக்குப் பக்கத்துல அந்தப் பச்சைப் புள்ளி அப்படியே இருக்கு. கடையைத் திறந்ததும் முதல்ல அதைத்தான் பார்ப்பேன். அணைச்சா போயிடும்ல?"

"போயிடும் மேடம். அணைச்சா எல்லார் லாகினும் போயிடும்."

எதிர் மிஷின் உறை போட்டுக் கிடந்தது. கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுப்பார்கள், தேதி கேட்பார்கள், போய்விடுவார்கள். மத்தியானம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறப்பாள். 'இன்னிக்கு உப்பு ஜாஸ்திடா' என்று புள்ளியிடம் சொல்வாள். வெளியே தெரிந்தால் பைத்தியம் என்பார்கள். ஆனால் அவளுக்குப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

"மணி நாலரை ஆச்சு மேடம். அஞ்சுக்கு மூடிட்டாங்கன்னா வெப்சைட்டும் போயிடும், அந்தப் புள்ளியும் போயிடும்." அவன் குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செய்யுங்க சார்."

போனில் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி நின்றது.

"என்ன சார், முடிஞ்சதா?"

"என்னை விட மாட்டேங்குது மேடம். உள்ள இதே வேலையை வேற யாராவது செஞ்சிட்டிருந்தா, இப்படித்தான் பூட்டிக்கும்."

"உங்க ஆபீஸ்ல யாராவது செய்யறாங்களோ என்னவோ."

"இல்ல மேடம். வாலுன்னு வருது. இருபது நிமிஷத்துக்கு முன்னாடியே அப்கிரேடை ஆரம்பிச்சுட்டார். முக்கால்வாசி முடிஞ்சுபோச்சு."

அவள் சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது மூட மறந்த லாகினே இல்ல மேடம். பழைய பதிவெல்லாம் இங்க இருக்கு. தினமும் காலையில ஒன்பதரைக்கு உள்ள வர்றார், சாயங்காலம் ஏழுக்கு வெளிய போறார். ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல. மூணு வருஷமா இப்படியேதான். ஆமா, இது எந்த ஆபீஸ் நேரம்? உங்க தம்பி எங்க மேடம் வேலை பார்க்கிறார்?"

ஒன்பதரை முதல் ஏழு வரை, ஞாயிறு விடுமுறை என்றுதான் வாசல் பலகையில் எழுதியிருந்தது.

"இங்கதான் தம்பி" என்றாள் அக்கா. "என் கடையிலதான்."