மூடிய கை

பக்கவாதம் வந்த ஏழே மாதத்தில் தனுஷ்கோடியின் வலது கை இறுகி மூடிக்கொண்டது. விரல்களை மடக்கும் தசைகள் ஓயாமல் இழுக்கின்றன, விரிக்கும் தசைகளுக்கு அவற்றை எதிர்க்க வலு இல்லை என்று பிசியோதெரபிஸ்ட் பெனிட்டா சொல்லியிருந்தாள். தினமும் காலையில் அவர் மனைவி செண்பகம் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, வேர்த்து நாறும் உள்ளங்கையைத் துடைத்துவிடுவாள்.

அன்று அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். விசேஷம் ஒன்றுமில்லை. இரண்டு நாள் தூங்க வேண்டும், அவ்வளவுதான். அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய தம்பி வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். புறப்படும் முன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, விரல்கள் சட்டென்று மூடி அவள் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டன.

"விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நான் புடிக்கல செண்பகம்," என்றார் அவர் குழறலாக. "நெசமாத்தான். நீ போ."

அவள் இழுத்தாள். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. அவர் தன் இடது கையால் வலது கை விரல்களைப் பிய்க்கப் பார்த்தார். நகம் கீறி ரத்தம் கசிந்தது.

"போதும், அப்படியே இருக்கட்டும்," என்று செண்பகம் அவர் பக்கத்திலேயே கட்டிலில் சாய்ந்தாள்.

சிறிது நேரத்தில் பிடி தானாகத் தளர்ந்தது. அதற்குள் அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

"அண்ணி, ஆட்டோ வந்துருச்சு!" என்று தம்பி உள்ளே வந்தார்.

தனுஷ்கோடி இடது கை விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்று காட்டினார்.