பஞ்சுவின் சொறி

எண்ணெய்க் கை அப்படியே நின்றுவிட்டது.

மகளின் இடது காதுக்குப் பின்னால் முடி இல்லை.

சாந்துப் பொட்டு அளவுக்கு ஓர் இடம். வழவழவென்று இருந்தது. அவள் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே வழவழப்பு.



இதே மாதிரி ஓர் இடத்தை அவள் வேறோர் உடம்பில் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், கம்பிக் கூண்டுக்குள், பஞ்சுவின் தோளில்.

பஞ்சு வெள்ளை எலி. மகள் சாதனாவின் பிறந்த நாளுக்குத் தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. கோயமுத்தூர் முழுக்கத் தேடியும் அவனுக்கு வேறு ஜீவன் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதன் தோளில் முடி கொட்டத் தொடங்கியபோது, சொறி என்று அவளே தீர்மானித்து, கூண்டில் வேப்பிலை பரப்பினாள். அம்மை போட்டவர்களுக்குப் பரப்புவது போலத்தான். எலிக்கு இது போதாதா என்று இருந்துவிட்டாள்.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது.

சொறி பெண்ணுக்கும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டாலே, நானே தேய்த்துக்கொள்கிறேன் என்று சாதனா நழுவிக்கொண்டிருந்தாள். இன்றுதான் பிடித்து உட்கார வைக்க முடிந்தது. ஏன் நழுவினாள் என்று இப்போது விளங்கியது.

பரவும். தலை முழுக்கப் பரவும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை தலையில் துணி கட்டிக்கொண்டு போவதை அவள் மனம் அதற்குள் பார்த்துவிட்டது.

பயம் வந்தால் அவளுக்கு அது ஒரே வழியாகத்தான் வெளியே வரும்.

"எலியத் தொடாத, தொடாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டனே! கேட்டியா நீ?"

சாதனா குனிந்துகொண்டாள்.

"பஞ்சுவத் தூக்கிப் போட்றாதம்மா."

பாதித் தலை எண்ணெயோடு பிள்ளையை விட்டுவிட்டு, கூண்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். எலிக்கு என்ன நோய் என்று தெரிந்தால்தானே பிள்ளைக்கு மருந்து கேட்க முடியும்? ஆட்டோவில் கூண்டை மடியில் வைக்கப் பயந்து காலடியில் வைத்தாள். போகிற வழியெல்லாம் அவள் கையும் அரித்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பஞ்சுவை உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து, தோலைச் சுரண்டி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"சொறி இல்லீங்க. பூச்சியுமில்ல, படர்தாமரையுமில்ல. இது ஒட்டற சீக்கே கெடையாது. அதோட வாய் எட்டற எடத்துல மட்டுந்தான் முடி போயிருக்குது, பாருங்க. தானே புடுங்கிக்குது. எதையோ கண்டு பயந்துக்குதுங்க. என்னன்னு பார்த்து, கூண்டை அதுக்கு எட்டாத எடமா மாத்தி வெச்சுருங்க."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. படியிறங்கும்வரை இருந்தது.

அப்படியானால் சாதனாவின் காதுக்குப் பின்னால் இருப்பது என்ன?

திரும்பிப் போய்க் கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கூண்டை மேசையில் வைத்தாள். முதலில் எலியின் விஷயத்தைப் பார்ப்போம் என்று மனத்தை அதில் திருப்பிக்கொண்டாள். இதற்குப் பயம் காட்ட இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பூனையாகத்தான் இருக்க வேண்டும்.

பூனை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. பஞ்சு அதைச் சட்டை செய்யவில்லை. கம்பு மணியை எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தது.

மிக்சியாக இருக்கும். ஓடவிட்டாள். பஞ்சு காதை மட்டும் ஆட்டியது. குக்கர் விசிலுக்கு அதுவும் இல்லை.

சனியன், ஒன்றுக்கும் பயப்படாத எலி இது. சாதனாவையே கேட்போம்.

"சாதனா!"

எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள்.

கம்பு மணி கீழே உருண்டது. பஞ்சு மூலைக்கு ஓடி ஒடுங்கியது. தலையைத் திருப்பித் தன் தோளைக் கடிக்கத் தொடங்கியது.

சாதனா அறையிலிருந்து ஓடிவந்து நின்றாள்.

"என்னம்மா?"

இடது கை காதுக்குப் பின்னால் போயிருந்தது. விரல்கள் எதையோ தேடிப் பிடித்து இழுத்தன. கை அங்கே போனது அந்தப் பிள்ளைக்கே தெரியவில்லை.

மாலையில் இந்த மேசையில்தான் கணக்குப் பாடம். சாதனா வலது கையால் எழுதுவாள். இவள் கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் நிற்பாள். தப்புப் போட்டால் இவள் குரல் தெருமுனைவரை கேட்கும். அடித்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

பாடம் முடிந்ததும் மேசைக்கு அடியில் கூட்டுவாள். ஒரே எலி முடி என்று திட்டிக்கொண்டே கூட்டுவாள்.

பஞ்சு வெள்ளை.

கூட்டியதெல்லாம் நீளமான கறுப்பு முடி.

"எதுக்கும்மா கூப்பிட்ட?"

"ஒண்ணுமில்ல. போ சாமி."

சாதனா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூண்டை மொட்டைமாடி அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம். அங்கே சத்தம் எட்டாது.

பெண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எண்ணெய் கிண்ணத்தில் ஆறிக் கிடந்தது. இன்னும் பாதித் தலை பாக்கி. கூப்பிட வேண்டும்.

வாயைத் திறந்தாள்.

பஞ்சு கடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது.

மூடிக்கொண்டாள்.