எதிர்க் கம்பெனிக்கு வழி

அறையில் இருந்தவர்கள் மூவர்: கம்பெனி முதலாளியான மாமனார், மருமகள், கருவியின் விளக்கத்தைச் சோதிக்க வந்த அதிகாரி. பங்கு விலை சொல்லும் மென்பொருள் கருவிதான் கம்பெனியின் சரக்கு. எந்தக் கருவியிடம் விலை கேட்பது என்பதை, கருவியோடு வரும் விளக்கத்தைப் படித்துத்தான் ஏஐ முடிவுசெய்யும். விளக்கம் தேறினால்தான் கருவிக்கு வியாபாரம்.

மருமகள் எழுதிய விளக்கத்தைப் படித்ததும் மாமனாருக்கு மீசை துடித்தது.

“‘இங்கே நேற்றுவரையிலான விலை மட்டும். இன்றைய விலைக்கு எதிர்க் கம்பெனியைக் கேள்.’ ஏம்மா, அந்த மனுஷன் வாசலையா காட்டுறே? குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியே!”

“இல்லாததை இருக்குன்னு எழுதினா, ஏஐ தப்பான விலையைச் சொல்லும் மாமா.”

அதிகாரி பழைய விலை, இன்றைய விலை இரண்டையும் கேட்டுப் பார்த்தார்; எந்தக் கருவியிடம் போவது என்று ஏஐ ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. விளக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டார்.

“எங்க வீட்டு எழுத்துன்னா சும்மாவா?” என்று மாமனார் மீசையை நீவினார்.

எதிர்க் கம்பெனி அவளுடைய அப்பாவுடையது. அதனால் பிறந்த வீட்டுக்குப் பரிந்துவிட்டாள் என்று வெளியே பேச்சு. சுத்தப் பொய். அங்குள்ள விளக்கத்தையும் அவளே எழுதினாள்: “பழைய விலைக்குச் சம்பந்தி கம்பெனியைக் கேள்.”