பச்சை மை அதிகாரி

சீட்டைப் பார்த்ததும் பேராசிரியரின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

புத்தக வெளியீடு முடிந்து, கையெழுத்து வாங்குகிறவர்களின் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. பெயரில் தப்பு வந்துவிடக் கூடாதென்று ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள்.

இந்தச் சீட்டில் என்ன பெயர் என்று அவர் இன்னும் படிக்கவே இல்லை. எழுத்துதான் கண்ணில் பட்டது. கொம்புகளை நன்றாகச் சுழித்து, புள்ளிகளைக் குட்டி வட்டமாக வைக்கிற எழுத்து.

இந்த எழுத்தோடு அவர் பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்கள் போன்ற பால்புதுமையரைத் திரையில் எப்படிக் காட்டினார்கள், எந்த விதியைச் சொல்லி மறைத்தார்கள் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. தணிக்கை அலுவலகத்தின் பழைய பதிவேடுகளைத் தும்மித் தும்மிப் படித்தவர். வெட்டிய காட்சிக்கு ஒரு வரி எழுதினால் போதும். 'ஆட்சேபகரமானது, நாற்பது விநாடி.' எல்லா அதிகாரிகளும் அதோடு முடித்துக்கொண்டார்கள்.

பச்சை மையில் எழுதிய ஒருவர் மட்டும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார். ஒருத்தி இன்னொருத்தியின் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்தது, நூல் வந்த பிறகும் கையை எடுக்காதது, வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து விழுந்தது என்பதுவரை.

படச்சுருள்கள் எப்போதோ சாம்பலாகிவிட்டன. முப்பத்தோரு காட்சிகள் இன்று மிஞ்சியிருப்பது அந்தப் பச்சை எழுத்தில் மட்டும்தான்.

ஆனாலும் பேராசிரியர் அந்த ஆளைச் சும்மா விடவில்லை. வெட்டுவதை இவ்வளவு ருசித்துச் செய்த மனிதன் வேறு எவனும் இல்லை என்று ஒரு அத்தியாயம் முழுக்கத் திட்டிக் கிழித்திருந்தார். என்றைக்காவது நேரில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

நிமிர்ந்தார்.

எதிரே, நழுவும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுபது தாண்டிய ஒரு அம்மாள். நீட்டிய புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் முனை மடிந்திருந்தது.

நாலு கேள்வியில் ஒன்றைக் கேட்பதற்குள் அந்த அம்மாளே முந்திக்கொண்டார்.

"வெட்டலேன்னா படத்தையே முடக்கிருவாங்கம்மா. வெட்டினதாவது எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டுமேன்னு எழுதி வெச்சேன். யாராச்சும் தேடிட்டு வருவாங்கன்னு நெனச்சேன், வந்துட்டீங்க."

பேராசிரியருக்கு முகம் சுட்டது. வெட்கம்தான். ஆனால் அந்த வெட்கத்தையும் முட்டித் தள்ளிக்கொண்டு சந்தோஷம் பொங்கியது. மேஜை குறுக்கே இருந்தது. சுற்றிக்கொண்டு போய், பதினோரு வருடமாகத் திட்டிய ஆளை இறுகக் கட்டிக்கொண்டார்.

வரிசையில் பொறுமை இல்லாதவர்கள் செருமினார்கள். செருமட்டும்.

மறுபடி உட்கார்ந்து பேனாவை எடுத்தபோதுதான் சீட்டைப் படித்தார். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டும் பெண்களின் பெயர்கள்.

இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரர், தோளில் பையும் கையில் இரண்டு குடைகளுமாகப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இவளுக்கு எதையும் சுருக்கமா எழுதத் தெரியாதுங்க. நாப்பது வருஷமா எங்க வீட்டுக் காய்கறிச் சீட்டே ரெண்டு பக்கம்!"