ரோப்பில் ஏறிய நாவல்

"இனிமே மலைக்கு ஒரு புத்தகமும் ஏறாது!"

மேசையில் ஓங்கி அடித்தார் செல்வமணி. போடிக்கு மேற்கே, மலையடிவாரத்து வாசகசாலையின் காரியதரிசி அவர். மேசைமேல் தடித்த நாவல் ஒன்றின் முதல் பாகம் கிடந்தது. ஏடுகளின் ஓரமெல்லாம் கத்தி போட்ட தடம்.

எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள் ராக்கம்மாள். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவள். கடையில் பாதியைத் தடுத்து, தோட்டத்துச் சனங்களுக்கு வாசகசாலை ஆக்கியவளும் அவள்தான்.

இரண்டு வாசகசாலைக்கும் நடுவே புத்தகம் போய்வர ரோப்புதான் வழி. தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு, அரிசி மூட்டையோடு அந்தரத்தில் கம்பியில் தொங்கியபடி மேலே திரும்பும் ரோப்பு. மூட்டைகளுக்கு நடுவே ஒரு தகரப்பெட்டி. அதற்குள் புத்தகம். மதுரைக்காரனுக்கே இந்த வசதி கிடையாது என்று மேலேயும் மார்தட்டுவார்கள், கீழேயும் மார்தட்டுவார்கள்.

இந்தத் தடவை முதல் பாகம் கீழே வந்ததும் பெட்டி காலியாகவே மேலே ஏறியது. ராக்கம்மாள் நடந்தே இறங்கி வந்துவிட்டாள்.

"யாரு அறுத்தது?" என்றார் செல்வமணி.

"நான்தேன். கத்தியத் தீட்டி, நோகாம அறுத்தேன்."

"சொல்ல வெக்கமா இல்ல? இது என்ன மீனா?"

"மீனா இருந்தா தலைய ஒங்களுக்கே குடுத்து விட்டிருப்பேனே!"

வாசகசாலைத் தலைவர் சீனிச்சாமி ஏலக்காய் வியாபாரி. நாற்காலியில் சாய்ந்தபடியே கையமர்த்தினார்.

"ஏத்தா, சரிக்குச் சரி பேசாத. மலையில ஒங்களுக்குப் புத்தகத்த மதிக்கத் தெரியல. அம்புட்டுத்தேன்."

"யாருக்கு? எங்களுக்கா?" ராக்கம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. "எழுத்துத் தெரிஞ்சவுக வாசிச்சாக. தெரியாதவுக சுத்தி உக்காந்து கேட்டாக. கப்பல் கவுந்ததோட மொதப் பாகம் முடிஞ்சுபோச்சு. அதுல போன பொண்ணு பொழைச்சாளா இல்லையான்னு தெரியாம லயத்து வீடுகள்ல ஒருத்தருக்கும் சோறு எறங்கல. ரெண்டாம் பாகத்தக் குடுங்க, நான் போறேன்."

"எதுக்கு? அதையும் அறுக்கவா?"

செல்வமணி கண்ணாடி அலமாரியைத் திறந்தார். இரண்டாம் பாகத்தை எடுத்து, துண்டால் துடைத்து, சாமி படம்போல அவள் முன்னால் நீட்டினார்.

"பாரு! புத்தகம் வச்சிக்கிறதுன்னா இப்பிடி வச்சிக்கிறணும். தலைவர் திருப்பித் திருப்பிப் படிச்சாக. நானும் படிச்சேன். ஒரு கீறல் இருக்கா?"

ராக்கம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, ரெண்டு பேருமே படிச்சிட்டீகளா? அப்பப் பேரத்த முடிச்சிருவோம். அந்தப் பொண்ணு என்ன ஆனா? அத மட்டும் சொல்லுங்க. புத்தகமே வேணாம், வந்த வழியே மலையேறிர்றேன்."

"செத்துப்போனா" என்றார் தலைவர்.

"கல்யாணம் ஆயிருச்சு" என்றார் காரியதரிசி, அதே நேரத்தில்.

வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

ராக்கம்மாள் புத்தகத்தை வாங்கி நடுவில் விரித்தாள். ஏடு பிரியவில்லை. அச்சாபீசில் மடித்துத் தைத்த தாள், மடிப்பு அறுபடாமல் பைபோல மூடிக் கிடந்தது. முன்னால் தள்ளிப் பார்த்தாள், அப்படியே. பின்னால் பார்த்தாள்; அதுவும் அப்படியே.

"மடிப்ப அறுத்தாத்தேன உள்ள இருக்கிற எழுத்துத் தெரியும்? நாங்க கத்தி போட்டுப் படிச்சோம். நீங்க எந்த வழியாப் புகுந்து படிச்சீக?"

செல்வமணி துண்டை உதறி, கண்ணாடி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சீனிச்சாமி எழுந்து வந்து, தன் கையாலேயே இரண்டாம் பாகத்துக்குக் காகிதம் சுற்றினார். ரோப்பு நிலையம்வரை அவரே சுமந்துகொண்டு போனார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே புத்தகம் கம்பியில் ஏறி, மலையைப் பார்த்து நகர்ந்தது.

வேறு யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, கூடவே வந்த ராக்கம்மாளிடம் குரலைத் தாழ்த்தினார் சீனிச்சாமி.

"ஏத்தா, அறுத்துப் படிச்சதும் சட்டுன்னு கீழ எறக்கிவிடு. அந்தப் பொண்ணு பொழைச்சாளான்னு எனக்கும் தெரியணுமில்ல?"