ஆமை தூக்க வந்தவர்

1981 ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை. மட்டாஞ்சேரியில் கல்யாணராமன் குடியிருந்த வாடகை வீட்டின் பின்முற்றத்தில், துணி துவைக்கும் தொட்டிக்குள், பங்குனி ஆமை என்னும் கடலாமை ஒன்று கிடந்தது.

"சந்து வழியா வந்தது, சந்து வழியாவே போகணும். வீட்டுக்குள்ளே ஒரு அடி கொண்டுவரப்படாது" என்று அது வந்த அன்றே கறாராகச் சொல்லியிருந்தாள் அவர் மனைவி கமலாக்ஷி. "ஆமை புகுந்த வீடு..."

"முழுக்கச் சொல்லித் தொலைக்காதே" என்றார் கல்யாணராமன்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த இடத்தில் மிளகுக் கிடங்கு கட்ட வேண்டும் என்று கேஸ் போட்ட வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். இடப்பள்ளியில் இவர்கள் கட்டும் வீட்டுக்கு இன்னும் ஓடு வேயவில்லை. "கோர்ட்டு லீவு விடற வரைக்கும் பல்லைக் கடிச்சிண்டு இருங்கோ" என்பது வக்கீலின் யோசனை. அது கமலாக்ஷியின் காதில் விழுந்தது. கல்யாணராமனின் காது ஆமையிடம் இருந்தது.

கம்பெனியில் கணக்கெழுதும் நேரம் போக, அவர் கடலாமைத் தொண்டர் குழுவில் ஒருவர். வலையில் சிக்கி அடிபட்ட ஆமைகளைக் கொண்டுவந்து காயம் ஆற்றுவார்கள். ஓட்டை அளந்து, விவரத்தைக் கடல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டு, ஆமையைக் கடலில் விடுவார்கள். இன்று விடும் நாள். தூக்குவதற்குச் சீனவலைக்காரர் பிச்சைமணி வருவார் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். அவரை இவர் பார்த்ததில்லை.

சாயங்காலம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கமலாக்ஷி போய்ப் பார்த்தாள். அங்கிருந்தே அவள் குரல் கேட்டது.

"ஏன்னா! ஆமை தூக்க ஆள் வந்தாச்சு!"

சந்து வழியாக அவள் அழைத்துவந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கக்கத்தில் குடை, கையில் தோல்பை.

"பிச்சைமணிதானே?"

"அல்ல ஸாரே, ராசப்பன். நான் வந்த காரியம்..."

"பிச்சைமணிக்குப் பதிலா இவராக்கும்" என்றாள் கமலாக்ஷி. "காரியமெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். பாவம், அது வாயைத் திறந்து திறந்து மூடறது. சித்தே அந்தப் பக்கம் பிடியுங்கோ." பையின் வாயில் எட்டிப் பார்த்த சிவப்புப் பட்டையை உள்ளே தள்ளி, பையை வாங்கிச் சுவரில் ஆணியில் மாட்டினாள். "தண்ணி தெறிக்கும்."

ஆமை துடுப்பால் ஓர் அடி அடித்தது. ராசப்பன் தலையிலிருந்து கால்வரை நனைந்தார். ஆமை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அவர் குனிந்து பார்த்தார்.

"இது கரையுதா ஸாரே? கண்ணுலே வெள்ளம் வருது."

"அழல்லே. உடம்பிலே இருக்கற உப்பை அப்படித்தான் வெளியேத்தும்."

அதன்பின் ராசப்பன் காரியத்தைப் பற்றிப் பேசவில்லை. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணராமன் ஓட்டின் பக்கத் தகடுகளை எண்ணினார்.

"இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் எட்டு."

"அதெப்படி ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சல்?" என்றாள் கமலாக்ஷி. "சரியா எண்ணுங்கோ."

"இந்த ஆமைக்கு அப்படி இருக்கறது சகஜம்."

"கவர்மென்ட்டுக்குப் போற கணக்காக்கும். ராசப்பன், நீங்களும் ஒரு தடவை எண்ணுங்கோ."

ராசப்பனுக்கு இரண்டு பக்கமும் எட்டு வந்தது. பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. மூன்றாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் மறுபடியும் குரல் கேட்டது. கமலாக்ஷி போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

"பால்காரன்" என்றாள்.

காப்பியும் நேந்திரங்காய் வறுவலும் பின்முற்றத்துக்கே வந்தன. ஆமைப் பக்கமே எட்டிப் பார்க்காதவளுக்கு விஞ்ஞானத்தில் இத்தனை சிரத்தையா என்று கல்யாணராமன் பூரித்துப் போனார்.

கைவண்டியில் ஆமையை ஏற்றியதும் ராசப்பன் சொன்னார்: "போட் ஜெட்டி அடுத்துதானே. அங்கே விட்டுட்டு வந்துடலாம்."

"அது காயலாக்கும், இது கடலாமை" என்றாள் கமலாக்ஷி, பையை எடுத்துக் கொடுத்தபடி. "ஃபோர்ட்டுக்கொச்சி வரைக்கும் போய்க் கடல்லேயே விடுங்கோ. பதுக்க, மெள்ளமாப் போனாப் போறும், குலுங்கப்படாது."

மெள்ளத்தான் போனார்கள். ஈர மணலில் இறக்கியதும் ஆமை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு துழாவித் துழாவி அலைக்குள் போய் மறைந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று கைதட்டிய ராசப்பன், மேற்கே பார்த்துத் தலையில் கை வைத்தார். சூரியனைக் காணோம்.

அவர் பையைத் திறந்து சிவப்புப் பட்டையை வெளியே இழுத்தார். அதில் கோர்ட்டின் பித்தளை வில்லை இருந்தது.

"ஸாரே, நான் கோடதி அமீனா. உங்க வீட்டை ஒழிப்பிக்க வந்த ஆளு. எத்தனை தடவை பறய நோக்கினேன்! சட்டப்படி அஸ்தமயம் கழிஞ்சா ஒரு வீட்டுலயும் உள்ளே கேறக்கூடாது. நாளை முதல் கோடதிக்கு லீவு. இனி ஒரு மாசம் கழிஞ்சு பார்க்கலாம்."

கொஞ்ச தூரம் போனவர் திரும்பி நின்றார். "ஸாரே, அது பிழைச்சுக்குமில்லையா?"

கல்யாணராமன் வீட்டுக்கு ஓட்டமாக ஓடி வந்தார். கமலாக்ஷி தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கமலா! ஆமை தூக்க வந்தது யாருன்னு தெரியுமோ? அமீனாவாக்கும்! நல்லவேளை, உனக்கு விஷயம் தெரியல்லே. தெரிஞ்சிருந்தா நடுங்கிப் போயிருப்பே."

கமலாக்ஷி நிமிராமல் சொன்னாள்:

"பால்காரன்னு சொன்னேனே, அவன்தான் பிச்சைமணி."