எதிர்ப்புப் பத்தியில் ஒரு கைநாட்டு

எந்தக் கட்சி வந்தாலும் எங்கள் ஊராட்சியில் கூட்டம் போடாமலே தீர்மானம் நிறைவேறும். செத்தவர்கள்கூடச் சம்மதித்துக் கைநாட்டு வைப்பார்கள். எல்லாம் கிளார்க் கண்ணுசாமியின் கட்டைவிரல்தான்.

இந்த முறை வாய்க்காலைத் தூர்த்து மனை போடத் தீர்மானம். அந்தத் தண்ணீரை நம்பி நட்டிருந்த ரெங்கம்மாள் ஆபீசுக்குப் போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"யாரு சம்மதிச்சா? நோட்டைக் காட்டுங்க தம்பி."

"ஊரே சம்மதம்க்கா," என்று இளித்தபடி நோட்டைத் திறந்தவர் முகம் வெளுத்தது. எதிர்ப்புப் பத்தியில் ஒரு கைநாட்டு. குறுக்கே அரிவாள் தழும்பு.

"எங்க வீட்டுக்காரரு விரலு," என்றாள் ரெங்கம்மாள்.

வீரையன் செத்து மூன்று வருடம்.

கண்ணுசாமி அதைத் துடைத்தார். மையல்ல, ஈரச் சேறு. பதறிப்போய்ப் பக்கங்களைப் புரட்டினார். இன்னும் எந்தத் தீர்மானமும் எழுதாத வெற்றுப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் அதே விரல்.